அமானிதம் காக்க நாணயம் மட்டும் போதுமா?

தமிழகத்தின் வட எல்லையில் இருக்கிறது ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அதைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா வந்துவிடும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி. கிழக்கே பழவேற்காடு ஏரி. பயிர்த்தொழிலையும் மீன்பிடித் தொழிலையும் நம்பியிருந்த இந்தப் பகுதிக்கு இன்று பல மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறுகிறார்கள். சாலையோர நிலத்தின் மதிப்போ நம் பாட்டனார்கள் கனவிலும் எண்ணிப் பாராத அளவுக்கு உயர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட பகுதியில் ஒரு சிறு மஹல்லா இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிவாசலின் விளக்குக்கும் பேஷ் இமாமின் சம்பளத்துக்கும் என்று முன்னோர் ஒருவர் எழுதிவைத்த நிலம் கொஞ்சம், சாலையோரத்தில் இரண்டு மூன்று கடைகள், ஒரு மையவாடி. இவற்றை நிர்வகிப்பவர்கள் யார்? முத்தவல்லி மளிகைக் கடை வைத்திருப்பவர். செயலாளர் லாரி ஓட்டியவர். பொருளாளர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூவரும் ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர்கள். பள்ளிவாசல் காசில் ஒரு கோப்பைத் தேநீர்கூட அருந்தியறியாதவர்கள்.

ஆயினும் வக்ஃபுப் பத்திரம் எங்கே என்று கேட்டால், பழைய முத்தவல்லி வீட்டுப் பரணில் இருக்கலாம் என்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைக்காரரிடம் வாடகை ஒப்பந்தம் உண்டா என்றால், வாய்ப்பேச்சுதான் என்கிறார்கள். மையவாடியின் வட எல்லை எது என்றால், வேப்பமரம் நின்ற இடம் என்கிறார்கள். அந்த மரம் இப்போது இல்லை.

இது எந்த ஊரையும் குறிப்பிட்டுச் சொல்வதன்று. ஆனால் படிக்கும் சகோதரர்களில் பலருக்குத் தத்தம் ஊர் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்: திருடாதவர் கையில் இருந்தபடியே ஒரு சொத்து தொலைந்துபோனால், அவர் அமானிதத்தைக் காத்தவர் ஆவாரா? இதை ஒட்டி இன்னொரு கேள்வியும் எழுகிறது. நிர்வாகிகளுக்கு நிர்வாகத்தைக் கற்பிப்பதற்காகப் பணம் செலவிடலாமா? அல்லாஹ்வின் பாதையில் கொடுக்கப்பட்ட காசை அதற்குத் தொடலாமா?

நல்லவரும் வல்லவரும்

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹுதஆலா திருக்குர்ஆனில் (4:58) கட்டளையிடுகிறான். உரியவர் என்றால் யார்? நல்லவர் என்பதே நம்மில் பலரின் பதில். ஆனால் ஹஜ்ரத் யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ர் நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு கேட்டபோது தம்மைப் பற்றி இரண்டு தகுதிகளைக் கூறினார்கள் (12:55). ஒன்று, தாம் காக்கக்கூடியவர் என்பது. மற்றது, தாம் அறிந்தவர் என்பது. பஞ்ச காலத்தில் ஒரு தேசத்தின் தானியத்தைக் காப்பதற்கு நபியின் தூய்மையோடு அளவும் கணக்கும் அறிந்த அறிவும் தேவைப்பட்டது. அதை அவர்களே எடுத்துக் கூறினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். ஹஜ்ரத் அபூதர் கிஃபாரி (ரலி) அவர்களின் வாய்மையைப் பெருமானார் (ஸல்) அவர்களே புகழ்ந்துரைத்திருக்கிறார்கள். அத்தகைய சஹாபி தமக்கு ஒரு பொறுப்பைத் தருமாறு கேட்டபோது, அண்ணலார் அவர்களின் தோளில் அன்போடு தட்டி, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம், இதன் கடமையைச் சரிவர நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு மறுமையில் இது இழிவாகவும் வருத்தமாகவும் ஆகிவிடும் என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்றும் அவர்களுக்குச் சொன்னார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதனால் அபூதர் (ரலி) அவர்களின் மாண்பில் அணுவளவும் குறையவில்லை. ஈமானில் உயர்ந்து நிற்பது வேறு. பிறர் பொருளை நிர்வகிக்கும் ஆற்றல் வேறு. முன்னது இருப்பதாலேயே பின்னது வந்துவிடாது என்பதைத் தம் அருமைத் தோழர் மூலமே நாயகம் (ஸல்) அவர்கள் உம்மத்துக்குக் கற்றுத்தந்தார்கள். நாமோ என்ன செய்கிறோம்? ஒருவர் முதல் வரிசையில் தொழுகிறார், வயதில் பெரியவர், வசதியுள்ளவர் என்றால், அவர் தலையில் முத்தவல்லிப் பொறுப்பைச் சுமத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவருக்கு நாம் செய்வது கண்ணியமா, அநீதியா?

உமர் (ரலி) அவர்களின் வக்ஃபு

வக்ஃபின் வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த அருமையான நிலத்தை என்ன செய்வது என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ரசூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று வழிகாட்டப்பட்டது. அவ்வாறே அது விற்கப்படாமல், அன்பளிப்பாகக் கொடுக்கப்படாமல், வாரிசுகளுக்குப் பங்கிடப்படாமல், ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் என்று ஆக்கப்பட்டது. அதை நிர்வகிப்பவர் சொத்துச் சேர்க்கும் நோக்கமின்றி, நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் ஷரத்து விதிக்கப்பட்டது. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு.

நிர்வாகத்துக்கு ஒரு செலவு உண்டு என்பதையும், அந்தச் செலவு வக்ஃபின் வருமானத்திலிருந்தே ஆகலாம் என்பதையும் இந்த ஷரத்தே ஒப்புக்கொள்கிறது அன்றோ?

அபூதாவூதில் இடம்பெறும் அறிவிப்பு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. தமக்குப் பின் இந்த வக்ஃபின் பொறுப்பை உமர் (ரலி) அவர்கள் தம் மகளார், நம் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விட்டார்கள். அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்ல கருத்தும் தேர்ந்த மதியும் உள்ளவர் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். மூத்தவர் என்றோ செல்வர் என்றோ எழுதவில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களோ எழுத்தறிவு பெற்றவர்கள். அந்த எழுத்தறிவை அவர்களுக்குக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் அம்மையார் என்பதும் அபூதாவூதிலேயே தெரியவருகிறது. கற்ற ஒருவரின் கையில் வக்ஃபு சென்றது. கற்றுக்கொடுத்தவர் ஒருவரும் இருந்தார். பெண்களால் நிர்வாகம் ஆகுமா என்று கேட்போருக்கும் இதில் பதில் உண்டு.

பிற்கால இமாம்கள் இதையே சட்டமாக வகுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' வக்ஃபின் நாழிருக்கு, அதாவது நிர்வாகிக்கு, நேர்மையோடு தகுதியையும் காரியத்தை நடத்தத் தெரிந்திருப்பதையும் நிபந்தனையாக வைக்கிறது. அவருடைய கடமைகளையும் எண்ணிக் காட்டுகிறது: சொத்தைப் பராமரிப்பது, வாடகைக்கு விடுவது, வருமானத்தை வசூலிப்பது, அதை உரியவர்களுக்குப் பங்கிடுவது. நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் கித்தாபில் உள்ளதுதான் இது. ஓதியதோடு நிறுத்திவிட்டோம். நம் மஹல்லாவில் முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

அறியாமைக்கு இன்று என்ன விலை?

முன்பு அறியாமை மெல்லத்தான் அழித்தது. இப்போது அதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, பறிபோன வக்ஃபு நிலத்தை மீட்கக் காலவரையறைச் சட்டம் குறுக்கே நிற்காது என்று பாதுகாப்பளித்தது. எத்தனை ஆண்டுகள் கழித்து விழித்தாலும் வழக்காட வழி இருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. பொதுச் சட்டப்படி நிலத்தின் உடைமையை மீட்கும் வழக்குக்கு 12 ஆண்டுகளே கெடு. ஆக்கிரமிப்பைக் கண்டும் காணாமல் இருக்கும் ஒரு முத்தவல்லி, தமக்கே தெரியாமல், வக்ஃபு செய்தவர் கியாமத் நாள்வரை என்று எழுதிய சொத்துக்கு 12 ஆண்டு ஆயுள் எழுதிவிடக்கூடும்.

அதே ஆண்டு ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு 'உமீத்' என்னும் இணையதளத்தைத் தொடங்கி, பதிவு பெற்ற வக்ஃபுகளின் விவரங்களை அதில் ஏற்ற ஆறு மாதம் தவணை கொடுத்தது. முத்தவல்லியின் தரப்பில் விவரங்களை ஏற்ற வேண்டும். வக்ஃபு வாரியம் அதைச் சரிபார்க்க வேண்டும். அரசு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். சர்வே எண்ணும் பரப்பும் எல்லையும் ஆவணமும் கையில் இல்லாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். அந்தத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டதும், 2025 செப்டம்பர் 15 அன்று நீதிமன்றம் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்ததும் நாம் அறிந்ததே. அந்த விவாதம் வேறு. சட்டம் நமக்கு உவப்பானதா இல்லையா என்பது எப்படியிருப்பினும், நம் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இன்னும் உண்டு. வாரியத்தின் முன் அனுமதியின்றி வக்ஃபு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் அக்குத்தகை செல்லாது. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை வாரியத்திடம் கொடுக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிட்டிருக்கும்போது, கணக்கு எழுதுவதை அரசாங்கத்தின் தொல்லை என்று நினைப்பது நமக்குப் பொருந்துமா? சட்டம் கேட்பதற்கு முன்பே மார்க்கம் கேட்டுவிட்டது.

பணம் எங்கிருந்து?

கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் பலரும் இணங்குவார்கள். அதற்குப் பணம் என்றதும் தயங்குவார்கள். தயக்கம் மூன்று விதமானது. மூன்றுமே மதித்துப் பதில் சொல்லத் தக்கவை.

முதலாவது, பள்ளிவாசல் காசு பள்ளிவாசலுக்கே, நிர்வாகிகளின் படிப்புக்கு அன்று என்பது. ஆனால் வக்ஃபின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்று ஹனஃபி நூலான 'ஹிதாயா' கூறுகிறது. வக்ஃபு செய்தவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் சரியே. சுவர் விரிந்தால் கொத்தனாரை அழைக்கிறோம். அவர் கூலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லை விரிந்தால் நில அளவையாளரை அழைக்க வேண்டும். கணக்கு சிதைந்தால் கணக்கறிந்தவரை அழைக்க வேண்டும். இவையும் பராமரிப்பே என்பது நமது துணிபு. அந்தந்த வக்ஃபின் ஷரத்தைப் பார்த்து, ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செய்வது நலம். ஆனால் ஜகாத்தை இதற்குத் தொடலாகாது. ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் (9:60) அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களும் உண்டு. தர்மத்தைச் சேர்ப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பதற்கு அது சான்றுதான். எனினும் அந்தப் பங்கு அவர்களுக்கே உரியது. பள்ளிவாசல் கமிட்டிக்கு உரியதன்று.

இரண்டாவது, அல்லாஹ்வுக்காகச் செய்யும் பணிக்குப் பயிற்சி எதற்கு, படி எதற்கு என்பது. அநாதையின் பொருளைக் காப்பவர் வசதியுள்ளவராயின் அதைத் தொடாமல் விலகியிருக்கட்டும், ஏழையாயின் நியாயமான அளவு உண்ணட்டும் என்று குர்ஆன் (4:6) வழிகாட்டுகிறது. பொதுச் சொத்தில் தமக்குள்ள உரிமையை உமர் (ரலி) அவர்கள் இதே அளவுகோலால்தான் அளந்தார்கள். தினக்கூலிக்குப் போகும் ஒரு சகோதரர் கமிட்டியில் இருக்கிறார். இரண்டு நாள் வகுப்புக்கு வர வேண்டுமானால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் அந்தக் கூலியும் கொடுக்காவிட்டால் அவர் வரமாட்டார். வசதியுள்ளவர் மட்டுமே வருவார். பிறகு நிர்வாகம் வசதியுள்ளவரின் சொத்தாகவே நிலைத்துவிடும். உதவித்தொகை இங்கே ஆடம்பரம் அன்று. மஷூராவில் ஏழைக்கும் இடம் கிடைப்பதற்கான வழி.

மூன்றாவது தயக்கமே மிகப் பெரியது. பணம் கொடுப்பவன் அதிகாரமும் கேட்பான் என்பது. இந்த அச்சம் நியாயமானது. ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரிலேயே கேட்டார்கள். பதவிக்கு வரும் அன்பளிப்பு பதவியை வாங்க வருகிறது. ஆகவே பயிற்சிக்கு நிதி தரும் செல்வந்தர், தம் மருமகனைச் செயலாளராக்க நினைக்கலாகாது. தருபவர் அரசாயினும் அமைப்பாயினும், எதைக் கற்பிப்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு ஜமாஅத்தின் கையிலேயே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையோ சட்டப்படி தனி அனுமதி பெறாமல் தொட முடியாதது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கவும் முடியாது.

உள்ளூரிலேயே வழி இல்லாமலில்லை. சிங்கப்பூர் முஸ்லிம்களைப் பாருங்கள். தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் சூலியா பள்ளிவாசலை நிறுவிய நாடு அது. அங்கே 1975-இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது முஸ்லிம் தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் 50 காசு கொடுத்தார். அந்தச் சிறுகாசில் புதிய பள்ளிவாசல்கள் எழுந்தன. பிற்பாடு சமுதாயத்தின் கல்விக்கும் அது விரிந்தது. ஒருவரின் பெருங்கொடையைக் காட்டிலும் எல்லாருடைய சிறுகொடைக்கு உறுதி அதிகம். எல்லாரும் கொடுத்த காசில் எந்த ஒருவரும் அதிகாரம் கேட்க முடியாது.

நம் பக்கத்தில் ஒருவர் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதில் தம் தந்தையார் பெயரை எழுதிக் கொடுக்கிறார். ஸதக்கத்துல் ஜாரியாவாக அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் பத்திரங்களைப் பூட்டிவைக்க ஓர் இரும்புப் பீரோ, நிலத்தை அளந்து கல் நட ஒரு தொகை, நிர்வாகிகள் கணக்கு எழுதப் பழக ஒரு வகுப்பு என்று கொடுக்க யாரும் முன்வருவதில்லை. பெயர் எழுத அங்கே இடம் இல்லை. ஆயினும் மின்விசிறி பத்தாண்டு சுழலும். காக்கப்பட்ட நிலம் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும்.

செய்யத் தக்கது

பெரிய மண்டபமும் பொன்னாடையும் சான்றிதழும் நிழற்படமும் வேண்டுவதில்லை. அவற்றில்தான் பயிற்சிப் பணம் வீணாகிறது. ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை போன்ற சிறு மஹல்லாக்கள் பத்து ஒன்றுசேர்ந்தால் போதும். ஆண்டில் இரண்டு நாள், ஒரு பள்ளிவாசலின் தாழ்வாரத்தில், ஓர் ஆலிமும் ஒரு கணக்காளரும் நில ஆவணம் தெரிந்த ஒருவரும் அமர்ந்தால் போதும்.

கற்க வேண்டியவையும் அதிகமில்லை. தம் வக்ஃபுப் பத்திரத்தை ஒவ்வொரு நிர்வாகியும் முழுதும் படித்திருக்க வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். ரசீது இன்றி வாங்குவதில்லை, வவுச்சர் இன்றிக் கொடுப்பதில்லை என்ற பழக்கம் வர வேண்டும். வாடகையை எப்போது, எந்த முறைப்படி மாற்றுவது என்று அறிய வேண்டும். பொறுப்பு கைமாறும் நாளில் சாவியோடு ஆவணப் பட்டியலையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். இவ்வளவுதான். சிறு கடை நடத்துபவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தம் கடைக்கு எழுதும் கணக்கைப் பள்ளிவாசலுக்கும் எழுதுவதே மீதிப் பாதி.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. முத்தவல்லியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கற்கவும் உதவாமல், கணக்கும் கேட்காமல், சொத்து போனபின் அவரை ஏசுவது நீதியாகாது. அவர் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. கற்க வாய்ப்பும் உதவியும் கிடைத்தபின்னும் கற்க மனமில்லையாயின், விலகிக்கொள்வதே கண்ணியம். அநாதையின் சொத்தை ஏற்க வேண்டாம் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கே சொல்லப்பட்டிருக்க, நாம் விலகுவதில் என்ன இழிவு இருக்கிறது?

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். திருடாமல் இருப்பது அமானிதத்தின் முதல் பாதி. காக்கத் தெரிந்திருப்பது மறுபாதி. முதல் பாதியை அல்லாஹ் நம் முத்தவல்லிகள் பலருக்கு வாரி வழங்கியிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். மறுபாதியைத் தேடித் தருவது அவர்கள்மீது மட்டுமன்று, நம் அனைவர்மீதும் உள்ள கடமை. மறைந்த ஒரு முஃமின் தம் கப்ரில் இருந்தபடி எதிர்பார்க்கும் நன்மை அந்த நிலத்திலிருந்துதான் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை நம் அறியாமையால் நிறுத்திவிடாதிருக்க வல்ல நாயன் நமக்குக் கல்வியையும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.